சீக்குக் கோழி: மருந்து கொடுக்கவா, கொன்றுவிடவா?

கோழி ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, படல் ஓரமாக ஒடுங்கி நின்றால் வீட்டில் மூன்றில் ஒன்று நடக்கும். சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், மஞ்சள் எல்லாம் இடித்து உருண்டை பிடித்து அதன் வாயில் திணிப்பார்கள். இல்லையென்றால் கழுத்தைத் திருகிப் புதைப்பார்கள். இந்த இரண்டையும்விட அதிகமாக நான் பார்த்திருப்பது மூன்றாவது வழியை. செத்துப்போவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். மிச்சம் நிற்கிற கோழிகளை அன்று மாலையே வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த மூன்றாவது வழிதான். மருந்து கொடுப்பதும் பொறுப்பான முடிவு. கொல்வதும் பொறுப்பான முடிவு. எதை எப்போது செய்வது என்பதில்தான் நமக்குத் தெளிவு வேண்டும். அறுத்துத் தின்பதும் விற்றுத் தீர்ப்பதும் நம் வீட்டுச் சீக்கை அடுத்த குப்பத்துக்கு அனுப்பிவைக்கிற வேலை. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இதை மாற்ற முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

குப்பத்துக் கோழியின் மதிப்பு

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி நம் பழவேற்காடு. வடக்கே ஆந்திராவின் திருப்பதி மாவட்டம், தெற்கே நம் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டம். நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலையும் ஏரியையும் பிரித்துக்கொண்டு கிடக்கிறது. இந்த ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு வருமானம் சீராக வருவதில்லை. கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோனால் இறால் வரத்து குறையும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் ஃபைபர் படகுகள் கரையில்தான் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குக் கை கொடுப்பது பொம்பளைங்க கையில் இருக்கிற சின்னச் சின்ன வரவுகள். ஒருத்தர் நண்டு பொறுக்குவார், ஒருத்தர் கருவாடு போடுவார், ஜமீலாபாத் பக்கம் பனையோலைக் கூடை முடைவார்கள். அந்த வரிசையில் கோழியும் உண்டு. நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது முட்டை இட்டாலே நல்ல கோழி என்போம். தீனிக்கென்று தனிச் செலவு கிடையாது. நொய், சோறு, மீன் தலை, இறால் ஓடு, கரையோரப் பூச்சி போதும். ஒரு பெட்டையை விற்றால் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு ஆகும். அதனால்தான் சீக்கு வந்த கோழியைப் பார்த்ததும், காசு கையைவிட்டுப் போவதற்குள் அதைக் காசாகவோ கறியாகவோ ஆக்கிவிடத் தோன்றுகிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அறிவுரை சொல்ல வருகிற யாரும் முதலில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது: எத்தனை கோழி? எவ்வளவு வேகம்?

கோழிச் சீக்கில் மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை கோழிக்கு வந்திருக்கிறது? எவ்வளவு வேகமாக வந்தது? ஒன்றே ஒன்று மட்டும் சோர்ந்து நிற்கிறதா, அல்லது காலையில் ஒன்று, மதியம் இரண்டு, மறுநாள் நாலு என்று போகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாகக் கிடைத்துவிடும்.

ஒரு கோழி மட்டும் சுணங்கி, மற்றதெல்லாம் நன்றாக மேய்ந்தால் அவசரப்பட்டுக் கழுத்தைத் திருகாதீர்கள். காப்பாற்றக்கூடிய நோய்கள் நிறைய இருக்கின்றன.

எங்கள் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் போன நேரம், ஒரு கறுப்புப் பெட்டை மணலில் கால் நீட்டிக் கிடந்தது. கழுத்து மணலோடு மணலாகத் தொங்கிவிட்டது. தூக்கினால் துணி மாதிரி சரிந்தது. அத்தை கத்தியை எடுத்து வைத்திருந்தார்.

"கழுத்து போயிடுச்சு கண்ணு, வெள்ளைக் கழிச்சல்தான் போல. அறுத்துடட்டுமா?"

"மத்ததுங்க எப்படி இருக்கு அத்தே?"

"அதுங்களுக்கு இன்னா, நல்லாத்தான் திரியுதுங்க."

"இது காலையில எங்க மேஞ்சுது?"

"அங்கதான், வலை உதறுற எடத்துல. கெட்டுப்போன மீனைக் கொட்டி வச்சிருக்கானுங்க, புழு நெளியுது."

அந்தக் கடைசிப் பதிலில்தான் விஷயம் இருந்தது. அழுகிய மீனிலும் அதில் நெளியும் புழுவிலும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு சேர்ந்திருக்கும். பாட்டுலிசம் என்பார்கள். அதைக் கொத்தித் தின்ற கோழிக்குத் தசையெல்லாம் தளர்ந்துபோகும். முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து. வெள்ளைக் கழிச்சலில் கழுத்து இப்படித் தளர்ந்து தொங்காது. முறுக்கிக்கொண்டு பக்கவாட்டிலோ முதுகுப் பக்கமோ திரும்பும், கோழி வானத்தைப் பார்த்தபடி சுற்றும். தளர்ந்து விழுவதும் முறுக்கிக்கொள்வதும் வேறு வேறு. கால்நடை மருத்துவரிடம் போனில் விவரம் சொன்னோம். அவரும் அதையேதான் சந்தேகப்பட்டார். நிழலில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, கழுத்துக்குக் கீழே துணியைச் சுருட்டி அண்டை கொடுத்து, சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் விட்டோம். நஞ்சு நிறைய ஏறியிருந்தால் மூச்சு நின்று செத்துப்போகும். அந்தப் பெட்டை எழுந்துவிட்டது. அத்தை அதோடு நிற்கவில்லை. கெட்ட மீனைக் கொட்டுகிறவர்களிடம் போய்ச் சண்டை போட்டு, குழி தோண்டி மூட வைத்தார். உண்மையான வைத்தியம் அதுதான்.

இதே மாதிரி இன்னொன்று, கருவாடு போடும் இடங்களில் பார்க்கலாம். உப்புப் படிந்த தரையைக் கொத்தி, உப்புத் தண்ணீரைக் குடித்த கோழிக்கு அடங்காத தாகம் வரும். தண்ணீர்த் தண்ணீராகக் கழியும், அலகில் நீர் வடியும், நடை தள்ளாடும். பார்த்தால் தொற்றுநோய் மாதிரியே இருக்கும். ஆனால் இது உப்பு செய்த வேலை. உப்பு இருக்கும் இடத்தைவிட்டுப் பிரித்து, நல்ல தண்ணீரை ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கரையோர ஊர்களில் கோழி சுணங்கினால் அது எங்கே மேய்ந்தது என்ற கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

மழை முடிந்து கொசு பெருகும்போது கோழி அம்மை வரும். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுத்த பொக்குகள். கண் மூடிக்கொள்வதால் தீனி எடுக்க முடியாமல்தான் பல கோழிகள் சாகின்றன. தனியே வைத்து, கண்ணைத் துடைத்துவிட்டு, கையால் ஊட்டினால் பெரும்பாலானவை சில வாரத்தில் தேறிவிடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுகிற வழக்கத்தையும் விட வேண்டாம். வாய்க்குள்ளும் தொண்டையிலும் புண் வந்துவிட்டால் மட்டும் பிழைப்பது கஷ்டம்.

குஞ்சுகளுக்கு வரும் ரத்தக் கழிச்சல் ஈரத்தால் வருவது. தரை நனைந்து கிடந்தால் பெருகும். ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் கேட்டு ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் காப்பாற்றலாம். முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி வருவது, குடற்புழு, பேன், செதில் காய்ந்த கால் எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

ஒரு வேண்டுகோள். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸ் நோயைத் தொடாது. தேவையில்லாமல் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். கோழிப் பண்ணைகளில் தாராளமாகப் புழங்கிய கோலிஸ்டின் என்ற மருந்தை, மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வேண்டும் என்பதால்தான் 2019-இல் மத்திய அரசு உணவுக்கு வளர்க்கும் விலங்குகளில் தடை செய்தது. மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொன்னால், முட்டையையும் கறியையும் எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கழிச்சல்: மருந்து இல்லாத நோய்

நம் ஊர்களில் கோழியை அள்ளிக்கொண்டு போவது இதுதான். புத்தகத்தில் ராணிக்கெட் என்று இருக்கும், உலகம் முழுக்க நியூகாசில் நோய் என்பார்கள். 1920-களின் கடைசியில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட் பக்கத்தில் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது. வெயில் ஏறும் மாசி, பங்குனியில் தொடங்கிக் கோடை முழுக்க ஆட்டம் போடும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில நாளில் கால் இழுத்துக்கொள்ளும், இறக்கை தொங்கும், கழுத்து முறுக்கும். தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் முக்கால்வாசி, சில நேரம் முழுக்கவே போய்விடும்.

இதற்கு மருந்து கிடையாது. கீழாநெல்லி உருண்டையும் இல்லை, ஊசியும் இல்லை. லேசாகப் பாதித்த கோழி நல்ல பராமரிப்பில் பிழைக்கலாம். அப்படிப் பிழைத்ததும் சில நாளுக்கு எச்சத்தில் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கழுத்து முறுக்கி, நடக்க முடியாமல், தீனியை நோக்கிக் கொத்தினால் தரையில் அலகு விழாமல் தவிக்கிற கோழி இருக்கிறதே, அதற்கு நாம் செய்யக்கூடிய நல்ல காரியம் சீக்கிரம் முடித்து வைப்பதுதான். நாள் கணக்கில் கூடையைக் கவிழ்த்து அதற்குள் அதைக் கிடக்க விடுவது இரக்கம் ஆகாது. அது நோயைப் பரப்புவதோடு அந்த உயிரையும் வதைக்கிறது.

ஆனால் அந்தக் கோழியைக் கொல்வதற்கு முன்னால் ஒரு போன் பேச வேண்டும். ஏன் என்பதுதான் அடுத்த விஷயம்.

பறவைக் காய்ச்சல் என்ற சந்தேகம்

வெள்ளைக் கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது. அனுபவப்பட்ட மருத்துவராலும் முடியாது. கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, தலை வீங்குவது, காலில் ரத்தம் கட்டுவது, எந்த அறிகுறியும் காட்டாமல் ராத்திரியோடு ராத்திரியாகச் சுருண்டு கிடப்பது என்று பறவைக் காய்ச்சலுக்குச் சில அடையாளங்கள் சொல்வார்கள். இரண்டு நோயும் ஒன்று மாதிரி வேடம் போடக்கூடியவை. உறுதி சொல்வது ஆய்வகம் மட்டுமே. சந்தேகத்துக்குரிய மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்குத்தான் போகும்.

நம் ஏரிக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பொதலகூர் மண்டலம் சாட்டகுட்லாவிலும், கோவூர் மண்டலம் கும்மல்லதிப்பாவிலும் கோழிகள் செத்து, பறவைக் காய்ச்சல் உறுதியானது. சுற்று வட்டாரத்தில் கோழிக் கடைகளை மூடினார்கள். தமிழக எல்லையில் கண்காணிப்பைக் கூட்டினார்கள். நெல்லூரிலிருந்து சூளூர்பேட்டை, தடா வழியாக நம் பக்கம் வருவது ஒரே நெடுஞ்சாலை. கோழி வண்டிகள் ஓடும் சாலையும் அதுதான். 2025 தொடக்கத்தில் கோதாவரி மாவட்டங்களில் திரும்பவும் வந்தது. அதே ஆண்டு பல்நாடு மாவட்டம் நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தாக்கி இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றைக் குழந்தை சாப்பிட்டிருந்ததாகச் செய்திகளில் வந்தது. 2003 முதல் உலகம் முழுக்க இந்த வைரஸ் தொற்றியவர்கள் 900-க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. தொற்றினால் ஆபத்து மிகப் பெரிது.

இன்னொன்றும் உண்டு. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நம் ஏரிக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள், கடற்காகங்கள். நேலப்பட்டில் கூழைக்கடா குஞ்சு பொரிக்கிறது. நீர்ப்பறவைகள், குறிப்பாக வாத்து இனம், இந்த வைரஸை நோயில்லாமலே சுமக்கக்கூடியவை. அவை மேயும் சேற்றுக் கரையில்தான் குப்பத்துக் கோழியும் மேய்கிறது. இதற்காகப் பறவைகள் மேல் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். அவற்றின் வழித்தடம் நம் ஊர்களைவிடப் பழையது. ஊர் விட்டு ஊர் நோயைக் கொண்டு போவதில் கூண்டுக்கும் வண்டிக்கும் செருப்புக்கும் பெரிய பங்கு உண்டு. நாம் செய்ய வேண்டியது, பறவை வரும் மாதங்களில் கோழியைச் சேற்றுக் கரைக்கு விடாமல் வீட்டைச் சுற்றியே தீனியும் தண்ணீரும் வைப்பது. ஏரியில் பறவை செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் தகவல் சொல்வது.

ஆகவே இரண்டு மூன்று கோழிகள் ஒரே நாளில் திடீரென்று செத்தால், அல்லது கோழியோடு காக்கையும் விழுந்தால், வைத்தியமா கொல்வதா என்பது நாம் தனியாக எடுக்கும் முடிவு கிடையாது. 1962-க்கு போன் செய்யுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது, கட்டணம் இல்லை. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். தொற்றுநோய் என்று சந்தேகப்பட்டால் உரிமையாளர் தகவல் சொல்ல வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய் தடுப்புச் சட்டம் சொல்கிறது.

சொன்னால் வந்து எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பறவைக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பதுதான் நம் நாட்டின் நடைமுறை. பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். அழிக்கப்படும் கோழிக்கு இழப்பீடு உண்டு. தானாகச் செத்த கோழிக்கு இழப்பீடு இல்லை. அதாவது மறைத்து வைத்துத் தாமதித்தால் நஷ்டம் நமக்குத்தான். 2021-இல் கேரளம் குட்டநாட்டில் வாத்துகளை அழித்தபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய் என்று அறிவித்தது. முட்டைக்கும் தனியாகக் கொடுத்தது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்கம் சாட்சி. 2008 ஜனவரியில் பீர்பூம் மாவட்டத்தில் வீட்டுக் கோழிகளில் தொடங்கியது. இழப்பீடு கிடைக்குமா என்ற சந்தேகத்தில் பலர் கோழிகளை ஒளித்தார்கள், வெளியூரில் விற்றார்கள். நோய் மாவட்டம் மாவட்டமாகத் தாவியது. 40 லட்சத்துக்கும் அதிகமான பறவைகளைக் கொல்ல வேண்டி வந்தது. இதில் மக்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏழை வீட்டுக் கோழிக்கு நியாயமான விலையை, அதே இடத்தில், கையில் கொடுக்கிற அரசை நம்பித்தான் மக்கள் உண்மையைச் சொல்வார்கள். இழப்பீடு சந்தை விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அலைய விடாமல் வர வேண்டும். இதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

அறுப்பவர் கை

மூன்றாவது வழிக்குத் திரும்புகிறேன். நன்றாக வேகவைத்த கறியில் வைரஸ் உயிரோடு இருக்காது. 70 டிகிரி சூடு எல்லாப் பக்கமும் ஏறினால் போதும். நம் குழம்பு அதைவிட நன்றாகவே கொதிக்கும். ஆபத்து சட்டிக்கு வருவதற்கு முன்னால் இருக்கிறது. சீக்குக் கோழியைப் பிடித்து, அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, குடலை எடுத்துக் கழுவுகிறவருக்குத்தான் ஆபத்து. பெரும்பாலும் அது வீட்டுப் பெண். பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். இறகும் குடலும் தெருவுக்குப் போகும், அங்கே காக்கையும் நாயும் இழுக்கும், அடுத்த வீட்டுக் கோழி கொத்தும். அந்தத் தண்ணீர் ஏரியில் கலக்கும். ஒரு வேளைக் குழம்புக்கு இத்தனையும் வேண்டாம்.

விற்பது அதைவிடக் கெடுதல். சீக்கு வந்த கூட்டத்தில் இன்று நன்றாக நிற்கும் கோழி, நாலைந்து நாளில் விழப்போகிற கோழி. அது வியாபாரியின் கூண்டில் ஏறி, பொன்னேரிச் சந்தையில் நாற்பது கோழிகளோடு இடித்துக்கொண்டு நின்று, நாற்பது வீட்டுக்குப் போகும்.

கொல்வது என்று ஆனபிறகு

மருத்துவரிடம் பேசி, இது வைத்தியத்துக்கு மீறியது என்றால், தயங்காமல் செய்ய வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ரத்தம் சிந்தக் கூடாது என்பதால் கத்தி வேண்டாம். ஒரு கையில் கால்களைப் பிடித்து, மறு கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே தலையைப் பிடித்து, நேராகக் கீழே இழுத்து ஒரே வேகத்தில் பின்னால் மடக்க வேண்டும். எலும்பு பிரிவது கையில் தெரியும். பிறகு சிறிது நேரம் இறக்கை அடிக்கும், அது வலியால் இல்லை, உயிர் போனபின் தசை துடிப்பது. தயங்கித் தயங்கிச் செய்தால்தான் வதை. தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. குழந்தைகளை அனுப்பிவிடுங்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் இதையும் நாமே செய்யக் கூடாது. அதிகாரிகள் வந்து செய்வார்கள்.

புதைப்பதில் நம் கரைக்கு ஒரு தனிச் சிக்கல். மணல் திட்டில் தோண்டினால் பல இடங்களில் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் ஊறும். அதில் புதைத்தால் ராத்திரி நாய் கிளறும், ஊற்றுத் தண்ணீரும் கெடும். குடிநீர் ஊற்றுக்கும் ஏரிக்கும் தள்ளி, மேடான இடமாகப் பார்த்து, குறைந்தது இடுப்பு ஆழம் தோண்டி, அடியிலும் மேலும் சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே முள் வெட்டிப் போட வேண்டும். மேடே இல்லாத இடத்தில் எரிப்பதுதான் வழி. ஏரியில் வீசுவது கூடவே கூடாது. கூண்டைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தெளித்து, வெயிலில் போட்டு, ஒரு மாதமாவது புதுக் குஞ்சு விடாமல் காயப்போடுங்கள்.

முடிவு எடுக்கிற நேரம் எது

இத்தனையும் சொன்னபிறகு என் கருத்தைச் சொல்கிறேன். கோழி விழுந்தபிறகு எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் நஷ்டம்தான். உண்மையான முடிவைத் தை மாதமே எடுத்திருக்க வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கை அடியில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் அரசு நிறுவனம் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து தயாரிக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், ஊசி இல்லாமல் தீனியாகவே கொடுக்கிற குருணை மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. வீட்டுக் கோழியைப் பிடிக்க ஓடுவதே பெரிய பாடு என்பவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனாலும் ஏன் போய்ச் சேரவில்லை? சொட்டு மருந்துக் குப்பி நூறு, இருநூறு கோழிக்கான அளவில் வருகிறது. திறந்தால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கிற அம்மா தனியாக என்ன செய்வார்? படகில் போக வேண்டிய தீவு ஊர்களுக்கு முகாம் எப்படி வரும்?

இந்த ஊர்களுக்குத்தான் கூடிச் செய்யத் தெரியுமே. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பத்தில் பாடு முறை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஏரியில் எந்தப் பாட்டில் எந்த நாளில் யார் வலை விடுவது என்று தலைக்கட்டு வரிசைப்படி ஊர் கூடி முடிவு செய்கிறது, எல்லோரும் கட்டுப்படுகிறார்கள். அந்த ஊர்க் கூட்டம் வருஷத்துக்கு ஒரு நாளைக் கோழிக்கு ஒதுக்கினால் போதும். தை கடைசியில் ஒரு சாயங்காலம், கோழி அடையும் நேரம், வீடு வீடாக ஒரே குப்பியில் எல்லாக் கோழிக்கும். மருந்தைக் குளிரில் வைக்க ஐஸ் பெட்டி வேண்டுமா? மீனை ஐஸில் வைத்துப் பாதுகாப்பதில் நம் ஊரைவிடக் கை தேர்ந்தவர்கள் யார்? பெட்டியும் ஐஸும் படகும் நம்மிடமே இருக்கின்றன. குடும்பத்துக்கு ஒரு பெண்ணாக மகளிர் குழு இதைக் கையிலெடுத்தால் இன்னும் நன்றாக நடக்கும், கோழி அவர்கள் சொத்து. துறை செய்ய வேண்டியது, முகாமைச் சாலை முடிவோடு நிறுத்தாமல் படகு ஏறி வருவது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோழி மட்டும் சுணங்கினால் பிரித்து வையுங்கள், எதைத் தின்றது என்று பாருங்கள், வைத்தியம் செய்யுங்கள். கழுத்து முறுக்கி, கால் இழுத்து, தவிக்கிற கோழியை மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வதைக்காமல் முடித்துப் புதையுங்கள். கொத்துக் கொத்தாக விழுந்தால் தொடாதீர்கள், விற்காதீர்கள், 1962-க்குச் சொல்லுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் சீக்குக் கோழியைச் சட்டிக்கோ சந்தைக்கோ அனுப்பாதீர்கள்.

இதைப் படிக்கிற பழவேற்காட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஊர்க் கூட்டத்தில் கோழித் தடுப்பு மருந்தைப் பற்றி ஒருவராவது எழுந்து பேசுங்கள்.